கிளச்சு கத்துகிறதா? கியர் பாக்சை இறக்கும் முன்பு காது கொடுங்கள்!

"பழைய லாரிதானே! சத்தம் போடத்தான் செய்யும்!"

லாரி நிற்கும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. சொல்லுகிறவருக்கு அது ஒரு சமாதானம். லாரிக்கு அது சமாதானம் ஆகாது.

பழைய லாரி சத்தம் போடும் என்பது உண்மைதான். ஆனால், காரணம் இல்லாமல் எந்த லாரியும் சத்தம் போடாது. குழந்தை அழுதால் தாய் என்ன செய்கிறாள்? பசியா, வயிற்று வலியா, எறும்பு கடித்ததா என்று பார்க்கிறாள். "குழந்தை என்றால் அழத்தான் செய்யும்" என்று விட்டுவிடுவது இல்லை. அழுத உடனே ஆபரேஷன் செய்யச் சொல்லுவதும் இல்லை!

கிளச்சில் சத்தம் வரும்போது இந்த இரண்டு தவறுகளும் நடக்கின்றன. சிலர் சத்தத்தைக் கேட்டும் கேளாததுபோல் ஓட்டுகிறார்கள். சிலர் சத்தம் வந்த மறுநாளே பட்டறைக்குக் கொண்டுபோய், கியர் பாக்சை இறக்கிவிடுகிறார்கள்.

இரண்டும் நஷ்டம். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. செலவு இல்லாத வழி. கிளச்சு எப்போது கத்துகிறது என்று பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்பதே அந்த வழி.

உப்புக் கடற்கரை

விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனம்-புதுச்சேரி சாலைக்கு அருகே இருக்கிறது இரும்பை. தேவாரப் பாடல் பெற்ற மாகாளேசுவரர் கோயில் உள்ள ஊர். அதற்கு வடகிழக்கே, கடலோரத்தில் மரக்காணம். அங்கே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை உப்பளம்.

ஒரு காலத்தில் பக்கிங்காம் கால்வாய் வழியாகப் படகுகளில் உப்பும் விறகும் சென்னைக்குப் போயின. இன்று அந்த வேலையை லாரி செய்கிறது. இந்தியாவில் உப்பு விளைச்சலில் குஜராத் முதல் இடம். தமிழ்நாடு இரண்டாவது இடம். அந்த உப்பை ஊருக்கு ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பது லாரிதான்.

உப்பு சமையலுக்கு நண்பன். இரும்புக்கு அது பகைவன்.

காற்றில் ஈரம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், உப்பு அந்த ஈரத்தைத் தானாகவே இழுத்துக்கொண்டு கசியும். மழைக்காலத்தில் அடுப்படியில் உப்பு ஜாடி ஈரமாகிவிடுகிறதே, அது இதனால்தான். லாரியின் அடியில் சிதறிய உப்பும் அப்படியே கசிகிறது. கசிந்த உப்புநீர் இரும்பைச் சாதாரணத் தண்ணீரைவிட வேகமாகத் துருப்பிடிக்க வைக்கிறது.

லாரியின் அடியில் என்ன இருக்கிறது? கிளச்சு பெடலை உள்ளே இருக்கும் கிளச்சோடு இணைக்கும் கம்பிகள், ஊசிகள், ஸ்பிரிங்குகள் இருக்கின்றன. உப்பு முதலில் தொடுவது இவற்றைத்தான். இந்தக் கரையில் கிளச்சு கத்தினால், கோளாறு உள்ளே இருக்கவேண்டும் என்பது இல்லை. வெளியிலும் இருக்கலாம்.

கிளச்சு என்றால் என்ன?

இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டாம். இரண்டு கைகள் போதும்.

இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு வட்டத் தட்டை வைத்து அழுத்துங்கள். கைகளைத் திருப்பினால் தட்டும் சேர்ந்து திரும்பும். அழுத்தத்தைத் தளர்த்துங்கள். கைகள் திரும்பினாலும் தட்டு நின்றுவிடும்.

கிளச்சும் இவ்வளவுதான்! ஒரு உள்ளங்கை, என்ஜினின் பின்னால் சுற்றும் பிளைவீல். மற்றொரு உள்ளங்கை, பிரஷர் பிளேட்டு. நடுவில் இருப்பது கிளச்சு பிளேட்டு. அந்தப் பிளேட்டின் நடுவே கியர் பாக்சின் தண்டு நுழைந்திருக்கிறது.

பெடலில் கால் இல்லாதபோது மூன்றும் ஒன்றாகச் சுற்றும். என்ஜினின் பலம் கியர் பாக்சுக்குப் போகும். பெடலை மிதித்தால் பிடி விடும். என்ஜின் சுற்றும், பிளேட்டு விடுபடும். அப்போது கியர் மாற்றலாம்.

சத்தம் போடக்கூடிய பேரிங்குகள் இங்கே மூன்று.

முதலாவது, ரிலீஸ் பேரிங். பெடலை மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டைத் தள்ளுவது இது.

இரண்டாவது, பைலட் பேரிங். கியர் பாக்ஸ் தண்டின் முனையைப் பிளைவீல் பக்கத்தில் தாங்குவது இது. மிகச் சிறியது.

மூன்றாவது, கியர் பாக்சின் வாசலில் அதே தண்டைத் தாங்கும் முன் பேரிங்.

இந்த மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்வது இல்லை. ஒன்று உழைக்கும்போது இன்னொன்று ஓய்வு எடுக்கிறது. எது உழைக்கும்போது சத்தம் வருகிறதோ, அதன்மேல் சந்தேகம்! திருடனைப் பிடிக்கும் வழியும் இதுதானே?

எப்போது கத்துகிறது?

அனுபவம் உள்ள மெக்கானிக்கிடம் ஒரு டிரைவர் போனால் பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"அண்ணே, கிளச்சு கத்துது!"

"எப்பக் கத்துது தம்பி? மிதிச்சாலா, விட்டாலா?"

இந்த ஒரு கேள்வியில் பாதி வைத்தியம் முடிந்துவிடுகிறது. ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன்பு இந்தக் கேள்வியைக் கேட்கிறவரே நல்ல மெக்கானிக்.

சோதனை செய்வதற்கு லாரியைச் சமதரையில் நிறுத்தவேண்டும். ஹேண்ட் பிரேக் போடவேண்டும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கவேண்டும். லாரிக்கு முன்னாலும் அடியிலும் யாரும் இருக்கக்கூடாது. என்ஜின் சூடானபிறகு, கியரை நியூட்ரலில் வைத்து மெதுவாக ஓடவிட வேண்டும்.

முதலில், பெடலில் கால் வைக்காமல் கேட்கவேண்டும். உர்ர் என்ற சத்தம் வருகிறதா? பெடலை முழுவதும் மிதித்ததும் நின்றுவிடுகிறதா? அப்படியானால் சந்தேகம் கியர் பாக்சின் முன் பேரிங்மேல். கியர் பாக்சில் ஆயில் குறைந்திருந்தாலும் இப்படிச் சத்தம் வரும். ஆகவே முதலில் ஆயிலைப் பார்க்கவேண்டும்.

அடுத்து, பெடலை இலேசாக அழுத்தவேண்டும். கால் தொட்டதும் கீச்சென்று புதிதாகச் சத்தம் தொடங்குகிறதா? அது ரிலீஸ் பேரிங்கின் குரல். மிதிக்க மிதிக்கச் சத்தம் கூடினால் சந்தேகம் இன்னும் பலப்படும்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம். கால் இல்லாதபோது கடகடவென்று ஆடும் சத்தம். இலேசாகத் தொட்டதும் அடங்கிவிடுகிறது. அப்படியானால் பேரிங்கைத் தாங்கும் கவையோ, அதை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்கோ தளர்ந்திருக்கலாம்.

மூன்றாவதாக, பெடலை அடிவரை மிதிக்கவேண்டும். கால் பிரேக்கையும் அழுத்திக்கொண்டு முதல் கியர் போடவேண்டும். கிளச்சிலிருந்து காலை எடுக்கவே கூடாது. இப்போது கியர் பாக்ஸ் தண்டு நிற்கிறது, பிளைவீல் சுற்றுகிறது. இந்த நேரத்தில் மட்டும் புதிதாக ஒரு கிரீச்சொலி வந்தால், பைலட் பேரிங்மேல் சந்தேகப்படலாம்.

நான்காவதாக, லாரி புறப்படும்போது கவனிக்கவேண்டும். உடம்பே குலுங்குவதுபோல் உதறினால் பிளேட்டில் ஆயில் பட்டிருக்கலாம். பிளைவீலின் முகம் சூட்டினால் கெட்டிருக்கலாம். என்ஜின் மவுண்டிங் தளர்ந்திருந்தாலும் உதறும். இரும்பும் இரும்பும் உரசும் சத்தம் வந்தால் பிளேட்டு தேய்ந்து, ரிவெட் பிளைவீலைக் கீறிக்கொண்டிருக்கலாம். அதற்குமேல் ஓட்டக்கூடாது. ஒவ்வொரு நடைக்கும் பிளைவீல் பாழாகும்.

பெடலை என்ன செய்தாலும் சத்தம் மாறவில்லையா? அப்படியானால் கிளச்சின்மேல் பழி போடவேண்டாம். புகைக்குழாய் எங்காவது இடிக்கலாம். என்ஜினிலேயே கோளாறு இருக்கலாம். லாரி ஓடும்போது மட்டும் வந்து, வேகத்தோடு கூடும் சத்தம் என்றால் பிரொப்பெல்லர் ஷாப்டின் ஜாயின்டுகளைப் பார்க்கவேண்டும்.

காது சொல்லுவது தீர்ப்பு அல்ல. அது திசை காட்டும் பலகை. ஆனால், பலகையைப் பார்க்காமல் வண்டியை விடுகிறவர் ஊர் போய்ச் சேர முடியுமா?

அடியில் ஒரு பார்வை

காது வேலை முடிந்தபிறகு கண் வேலை. என்ஜினை நிறுத்திவிட்டு, லாரியின் அடியில் பார்க்கவேண்டும்.

பெடலைத் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் இருக்கிறதா? துருவேறி அறுந்துவிட்டதா? கம்பிகளை இணைக்கும் ஊசிகள் தேய்ந்து ஆடுகின்றனவா? கவையைத் திருப்பும் தண்டு துருவினால் இறுகிவிட்டதா? எண்ணெயினால் இயங்கும் கிளச்சு என்றால் எங்காவது கசிவு உண்டா?

பழைய லாரிகள் பலவற்றில் பெடலுக்குச் சிறிது வெற்று ஓட்டம் இருக்கவேண்டும். அதாவது, கால் வைத்த உடனே பாரம் தெரியக்கூடாது. கொஞ்சம் இறங்கியபிறகே தெரியவேண்டும். எவ்வளவு என்பது வண்டிக்கு வண்டி மாறும். வண்டியின் கையேட்டில் அந்த அளவு இருக்கும்.

அந்த வெற்று ஓட்டம் போய்விட்டால் என்ன ஆகும்? ரிலீஸ் பேரிங் ஓய்வில்லாமல் சுற்றும். ஓய்வு இல்லாதவன் நோயாளி ஆவதுபோல் அதுவும் கெட்டுப்போகும். பெடல்மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டும் பழக்கமும் இதே கேட்டைச் செய்கிறது.

உப்பு லாரியில் இப்படி நடக்கலாம்: ஸ்பிரிங் துருப்பிடித்து அறுந்துவிடுகிறது. பெடல் முழுவதும் மேலே வருவது இல்லை. பேரிங் உரசிக்கொண்டே இருக்கிறது. சத்தம் வருகிறது. இதற்குக் கியர் பாக்சை இறக்கிப் புதுப் பேரிங் போட்டால் சத்தம் நிற்கும். எத்தனை நாளைக்கு? அறுந்த ஸ்பிரிங் அப்படியே இருந்தால் புதுப் பேரிங்கும் அதே வழியில்தான் போகும்!

இன்னொன்றும் உண்டு. மழை மாதங்களில் உப்பளத்தில் வேலை ஓய்ந்திருக்கும். அப்போது லாரி வாரக்கணக்கில் சும்மா நின்றால், கிளச்சு பிளேட்டு துருவினால் பிளைவீலோடு ஒட்டிக்கொள்வது உண்டு. பிறகு பெடலை மிதித்தாலும் பிடி விடாது. கியர் போட்டால் கரகரவென்று பல்லைக் கடிக்கும். நிற்கிற வண்டியை அவ்வப்போது ஸ்டார்ட் செய்து, பெடலைச் சில தடவை மிதித்து விடுவது நல்லது.

உப்பு இறக்கிய நாளில் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுவதும் நல்லது. கிளச்சு இருக்கும் கூட்டுக்குள் மட்டும் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கக்கூடாது. வெளி இணைப்புகளுக்குக் கிரீஸ் வேண்டும். அது பிளேட்டில் பட்டால் கிளச்சு வழுக்கும்.

சுண்டைக்காய் கால் பணம்

"இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? இறக்கிப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடுமே!" என்று கேட்பவர்கள் உண்டு.

தெரியும். ஆனால் என்ன விலைக்கு?

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். கிளச்சு விஷயத்தில் அது அப்படியே பொருந்தும். பைலட் பேரிங் உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான். அதை எட்டுவதற்கு, ஓர் ஆள் தூக்க முடியாத கியர் பாக்சை இறக்கவேண்டும். வேலை கூலி ஒரு பக்கம். லாரி ஓடாத நாட்களின் வாடகை நஷ்டம் இன்னொரு பக்கம்.

பல லாரி வைத்திருப்பவர் இதைத் தாங்கிக்கொள்ளுவார். ஒரே ஒரு பழைய லாரியை நம்பிப் பிழைக்கும் குடும்பம் என்ன செய்யும்? தவணை நாள் காத்திருக்காது. பள்ளிக்கூடச் சம்பளம் காத்திருக்காது. வீட்டில் இருக்கும் குண்டுமணித் தங்கம் அடகுக் கடைக்குப் போகும். அறுந்துபோன ஒரு ஸ்பிரிங்குக்காக இவ்வளவு நடக்கவேண்டுமா?

அதற்காக, எப்போதுமே இறக்கக்கூடாது என்பதும் அல்ல. சோதனை செய்து, கோளாறு உள்ளேதான் என்று தெரிந்தால் தயங்கக்கூடாது. இறக்கியபிறகு கஞ்சத்தனமும் கூடாது. தேய்ந்த பிளேட்டை மாற்றிவிட்டு, அரைகுறை பேரிங்கை அப்படியே விட்டால், அந்தப் பேரிங்குக்காக மறுபடியும் அதே கூலி கொடுக்கவேண்டி வரும். திறந்த இடத்தில் பிளேட்டு, பிரஷர் பிளேட்டு, பேரிங்குகள், பிளைவீலின் முகம் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். இறக்கும் முன்பு யோசனை. இறக்கியபின் முழு வேலை. இதுவே சரியான சிக்கனம்.

ஒரு எச்சரிக்கையும் அவசியம். பழைய கிளச்சு பிளேட்டுகளில் கல்நார் கலந்திருக்கலாம். கல்நார் தூசி நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரக்கூடும். கிளச்சுக் கூட்டைத் திறந்ததும் காற்றடித்து ஊதுவது கெட்ட பழக்கம். ஈரத்துணியால் துடைத்து எடுக்கவேண்டும். பட்டறைச் சிறுவனை அந்தத் தூசியில் நிறுத்தவே கூடாது.

சத்தத்தைச் சகித்துக்கொண்டு ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு சொல். கெட்ட கிளச்சு பணத்தை மட்டும் தின்பது இல்லை. ஜன நடமாட்டம் உள்ள இடத்தில் பிடி விடாமல் போனால், பாரம் ஏற்றிய லாரி நினைத்தபடி நிற்காது. ரெயில்வே கேட்டில் கியர் விழாமல் போனால் நினைத்தபடி நகராது. கீச்சென்ற சத்தம் முன்கூட்டி வரும் தந்தி. அதைப் பிரித்துப் படிக்காமல் பையில் போட்டுக்கொள்ளலாமா?

டிரைவரைக் கேளுங்கள்!

சத்தத்தை முதலில் கேட்பவர் யார்? மெக்கானிக் அல்ல, முதலாளி அல்ல. டிரைவர்!

அவர் கால் பகலெல்லாம் அந்தப் பெடலின்மேல் ஏறி இறங்குகிறது. நேற்று இல்லாத சத்தம் இன்று வந்தால் அவருக்குத் தெரியும். ஆனால் பல இடங்களில் அவரைக் கேட்பார் இல்லை. முதலாளி பட்டறைக்குப் போன் செய்கிறார். "கிளச்சு போச்சாம், பார்த்துவிடு" என்கிறார். மெக்கானிக் இறக்குகிறார். டிரைவர் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். நோயாளியோடு இரவும் பகலும் இருந்தவரை வெளியே நிறுத்திவிட்டு வைத்தியம் நடக்கிறது!

சில இடங்களில் டிரைவரே வாய் திறப்பது இல்லை. "கத்துது என்று சொன்னால், நீதானே கெடுத்தாய் என்று என்மேல் பாயுவார்கள்" என்ற பயம். இந்தப் பயத்தைப் போக்கவேண்டியது முதலாளியின் கடமை. சத்தத்தைச் சொன்ன டிரைவரைத் திட்டினால், அடுத்த தடவை அவர் சொல்லமாட்டார். சத்தம் மட்டும் வளரும்.

வண்டியில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கட்டும். எந்தத் தேதியில், எந்த நேரத்தில், மிதித்தபோதா விட்டபோதா, பாரத்தோடா காலியாகவா என்று இரண்டு வரி எழுதட்டும். எழுதக் கூச்சப்படுகிறவர் வீட்டில் படிக்கும் பிள்ளையை எழுதச் சொல்லலாம். கைபேசியில் சத்தத்தைப் பதிவு செய்தும் மெக்கானிக்கிடம் காட்டலாம். ஆனால் பதிவோடு, கால் எங்கே இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். அது இல்லாத பதிவு, முகவரி இல்லாத கடிதம்!

காது ஒரு கல்வி

நம் நாட்டில் லாரிகள் பெருகத் தொடங்கி எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. 1948-ல் சென்னையில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்ட் ஆயிற்று. எண்ணூரிலிருந்து லாரிகள் வந்தன. 1954-ல் ஜாம்ஷெட்பூரிலிருந்து டாட்டாவின் 'பென்ஸ்' லாரிகள் வந்தன. அந்த லாரிகளைப் பழுது பார்த்தவர்களில் பலர் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவர்கள் அல்ல. கம்ப்யூட்டர் கருவி எதுவும் அவர்களிடம் இல்லை. ஒரு மரக்கட்டையின் ஒரு முனையை இயந்திரத்திலும், மறுமுனையைக் காதிலும் வைத்துக் கோளாறைச் சொன்னார்கள். டாக்டரின் ஸ்டெதாஸ்கோப்புக்கும் அந்தக் கட்டைக்கும் வேலை ஒன்றுதான்!

இன்றைய புது லாரிகளில் கோளாறைக் கம்ப்யூட்டர் காட்டுகிறது. நல்லதுதான். ஆனால் பழைய லாரியில் அந்தக் கம்ப்யூட்டருக்கு வேலை இல்லை. அங்கே காதுதான் கருவி.

1950-ல் தொடங்கிய தொழில் பயிற்சித் திட்டத்தின் வழியாக ஐ.டி.ஐ.களில் இளைஞர்கள் மோட்டார் மெக்கானிக் வேலை படிக்கிறார்கள். பட்டறைகளிலும் பலர் பழகுகிறார்கள். ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதோடு, காது கொடுக்கவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவேண்டும். "எதைக் கழற்றினாய்?" என்று கேட்பதைவிட, "ஏன் கழற்றினாய்?" என்று அவர்களைக் கேட்கவேண்டும். வயதான மெக்கானிக்குகளின் காது அனுபவம் அவர்களோடு போய்விடக் கூடாது.

முதலாளிகளும் ஒன்று செய்யவேண்டும். இறக்காமலே கோளாறைக் கண்டுபிடித்துச் சொன்ன மெக்கானிக்குக்கு அதற்கான கூலி கொடுக்கவேண்டும். "பத்து நிமிடம் கேட்டதற்குக் காசா?" என்று முகம் சுளிக்கக்கூடாது. கழற்றினால்தான் கூலி என்று இருந்தால், எந்த மெக்கானிக்கும் கழற்றத்தான் செய்வார்! கேட்டுச் சொன்னதற்கும் கூலி உண்டு என்றால் கேட்டுச் சொல்லுவார். இரும்பையிலோ மரக்காணத்திலோ ஒரே லாரியை நம்பி இருக்கும் வீட்டுக்கு, அந்தப் பத்து நிமிடக் கூலி நஷ்டம் அல்ல. பல நாள் வாடகையைக் காப்பாற்றும் முதலீடு.

உப்புக் காற்று அடிக்கத்தான் செய்யும். இரும்பு துருப்பிடிக்கத்தான் செய்யும். பழைய லாரி கத்தத்தான் செய்யும். ஆனால் அது கத்தும்போது, "மிதித்தாலா, விட்டாலா?" என்று கேட்க ஓர் ஆள் இருக்கவேண்டும்!